ஏழு முறை வந்த கடிதம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. என் கடை நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் குப்புறக் கிடந்த ஒரு தாளைத் திருப்பிப் படித்தேன், அதிலிருந்து வந்தது. படித்திருக்கக் கூடாது. நகல் எடுப்பவன் தாளைப் பார்க்கலாம், படிக்கக் கூடாது.

கடை இருப்பது பிஷ்கெக்குக்குத் தெற்கே, ஜலாலாபாத்திலிருந்து மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில், மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே. பத்தொன்பது வயதில் மருத்துவம் படிக்க இந்த நாட்டுக்கு வந்தேன். உடற்கூறியலில் இரண்டு முறை தோற்றேன். திரும்பிப் போவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளைகள். தெரு முழுக்க என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. கேலிதான், பழகிவிட்டது.

போன வருடம் ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, எதிர் அலுவலகத்தின் தபால் எழுத்தர் உல்கான் அக்கா உள்ளே வந்து பூட்ஸ் பனியைத் தட்டினார். [இங்கே மூத்த பெண்களை எஜே என்பார்கள். நான் மனசுக்குள் அக்கா என்றே அழைத்து வந்திருக்கிறேன். கதையிலும் அப்படியே இருக்கட்டும்.]

"டாக்டர் தம்பி, இதுல ஒண்ணு எடு. தெளிவா வரணும்."

"உங்க ஆபீஸ் மெஷின் என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் காது இருக்கு."

நகலைக் கொடுத்தேன். அவர் கையுறையைத் தேடிக் குனிந்த நேரத்தில் கண்ணாடியில் கிடந்த மூலத்தைப் படித்தேன்.

"மதிப்புக்குரிய அலுவலகத்துக்கு. நான் தேனீ வளர்க்கிறவன். ஊருக்கு மேலே சரிவில் என் பெட்டிகள் இருக்கின்றன. போன வருடம் அங்கே ஒரு விரிசல் இருந்தது, அதில் என் கை உள்ளே போனது. இலையுதிர் காலத்தில் என் கழுதையின் கால் உள்ளே போனது. பனி உருகினால் என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. கீழே இருபத்துமூன்று வீடுகள். வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அசன்குல்."

தேதி இல்லை. எழுதியவர் போட மறந்திருந்தார். இந்தக் கதை நடந்ததே அந்த மறதியால்தான்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று தாள் வீணாயிற்று. ஒன்றை மட்டும் காட்டுகிறேன்.

"உல்கானின் அண்ணன் பத்து வயதில் மண்சரிவில் புதைந்தபோது, அவள் —"

இதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். உப்புத்தயிர் உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டவர், இந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

"எந்த அண்ணன்?"

"கதைக்காக, அக்கா. நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு படிக்கறவங்களுக்குப் புரியணும்ல."

"என் அண்ணன் பிஷ்கெக்ல டயர் விக்கிறான். நூறு கிலோ இருப்பான். அவனைப் புதைக்கணும்னா மலை ரெண்டு வேணும்."

"அப்ப ஏன் செஞ்சீங்க?"

"தபால் வந்துச்சு. படிச்சேன்."

வேறு காரணம் இல்லையா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். இல்லையாம். கதையில் இப்படி ஒரு பாத்திரத்தை வைத்தால் பலவீனமான படைப்பு என்பார்கள். ஆனாலும் டயர் விற்கிறவரைப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

3

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருடம் ஒரே மேசை. காலை ஒன்பதரைக்கு அஞ்சல் பை வரும். உறைகளை ஒரு பக்கம் தட்டி, மறு பக்கம் கிழிப்பார். உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முத்திரை, தேதி, எண், பதிவேட்டில் ஒரு வரி. பிறகு எல்லாம் அலுவலகத் தலைவரின் தோல் அட்டைக்குள் போகும். சாயங்காலம் ஒவ்வொன்றின் மூலையிலும் தலைவரின் குறிப்போடு திரும்பி வரும். பெரும்பாலும் ஒரே குறிப்புதான்: கோப்பில் சேர்க்கவும்.

சேர்ப்பதற்கு அவர் பின்னால் இருக்கும் பதிவறைக்குப் போக வேண்டும். நான் ஒரு தடவை போயிருக்கிறேன். தரையிலிருந்து கூரை வரை கட்டுகள். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே வரும் வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசையும். பேசினால் குரல் பாதி தூரத்தில் நின்றுவிடும். அந்த மாவட்டத்தில் யாருக்கெல்லாம் தண்ணீர் வரவில்லை, யாருடைய வேலியை யார் நகர்த்தினார்கள், யார் மகனைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினார்கள், எல்லாம் அங்கே மூச்சுவிடாமல் கிடந்தது.

"எல்லாம் செத்த கடிதங்க இல்லையா, அக்கா?"

"சாகல. தூங்குது. எது எங்க தூங்குதுன்னு எனக்குத் தெரியும்."

அசன்குலின் கடிதம் வந்த அன்று, வழக்கம்போல் முத்திரை குத்துவதற்கு முன் படித்திருக்கிறார். முத்திரையை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டதாம். நேரே என் கடைக்கு வந்து, எண்ணும் குறிப்பும் விழாத சுத்தமான நகல் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மூலத்துக்கு முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். தலைவர் நல்லது ஏதாவது எழுதினால் நகலைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தாராம்.

சாயங்காலம் மூலையில் குறிப்போடு திரும்பி வந்தது. என்ன குறிப்பு என்று நான் எழுத வேண்டியதில்லை.

4

அன்றைக்கு அவருக்கு ஒரு கனவு. [கனவை நான் சேர்க்கவில்லை. அவர் சொன்னது.] மலை அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. நடையில் மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறது, தலையில் பனியோடு, யாரையும் இடிக்காமல் ஒடுங்கிக்கொண்டு. தன் முறை வந்ததும் மேசைக்குக் குனிந்து மெதுவாகச் சொல்கிறது: "எனக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுங்க, நான் போகணும்."

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கடைக்கு வந்தார். அதே கடிதம், ஒரு நகல். அதை ஓர் உறைக்குள் போட்டு, அஞ்சல் பையில் வந்த உறைகளோடு உறையாகப் பிரித்து, அன்றைய தேதியில், புதிய எண்ணில் பதிந்தார். கடிதத்தில் தேதி இல்லாததால் அவர் போடுவதுதான் தேதி.

அதற்கடுத்த திங்கள், மறுபடியும். அதற்கடுத்த திங்கள்.

[இந்த இடத்தில் எனக்கு அருமையான உவமை ஒன்று கிடைத்தது: நகலின் நகல் எடுக்க எடுக்க எழுத்து வெளிறிக்கொண்டே போக, அசன்குலின் குரல் — நிறுத்திவிட்டேன். அவர் எப்போதும் அந்த முதல் சுத்த நகலைத்தான் கொண்டுவந்தார். ஏழாவதும் முதலாவதைப் போலவே கறுப்பாக இருந்தது. கெட்டிக்காரர்களை வைத்துக் கதை எழுதினால் இப்படித்தான் உவமைகள் நஷ்டமாகும்.]

நான்காம் முறை தலைவர் தோலோன் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். தோலோன் கெட்டவர் இல்லை. உல்கான் அக்காவை விட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். வயிற்றுப்புண்ணோடும் மேலதிகாரிகளின் தொலைபேசியோடும் வாழ்கிறவர்.

"அக்கா, மறுபடியும் இந்தத் தேனீக்காரனா?"

"மறுபடியும் வந்திருக்கு."

"இவனுக்கு வேற வேலை இல்லையா?"

"குளிர்காலம். தேனீ தூங்கும்ல."

தான் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை என்று உல்கான் அக்கா இன்றைக்கும் சாதிக்கிறார். வந்திருக்கு என்றேன், எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை என்பார்.

ஏன் ஏழு? முப்பத்தோரு வருடம் கோப்பு கட்டியவருக்கு மட்டும் ஞாபகம் இருந்த ஒரு விதி: ஒரே இடத்தைப் பற்றி ஒரே ஆண்டில் ஆறு மனுக்களுக்கு மேல் வந்தால், அலுவலகம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாநிலத்துக்கு அறிக்கை போக வேண்டும். மார்ச் நடுவில் ஏழாவது பதிவானது. அன்று மாலையே அறிக்கையைத் தட்டச்சு செய்து, விதியின் பக்கத்தை மேலே குத்தி, கையெழுத்துக்கு வைத்தார். தோலோன் விதியைப் படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.

மாத முடிவில் மூன்று பொறியாளர்கள் வந்தார்கள். விரிசலைப் பார்த்தார்கள். விழும் என்றும் சொல்லவில்லை, விழாது என்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டார்கள். பார்த்தபின் சும்மா இருக்க அவர்களால் முடியாது. ஏப்ரல் முதல் வாரத்தில் இருபத்துமூன்று குடும்பங்களும் இறக்கப்பட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் வீடாக மாற்றிய தகர வண்டிகளில் குடியேற்றப்பட்டன.

அந்த ஊரின் பெயருக்கு ஒன்பது அக்ரூட் மரங்கள் என்று பொருள். சாலை ஓரத்தில் ஒரு மரமும் இல்லை.

பனி உருகியது. மலை விழவில்லை.

5

மே போனது. மலை விழவில்லை. ஜூனில் பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்த்தன. வருடத்தில் அந்த இரண்டு வாரமும் எங்கள் தெரு தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். பஞ்சு மேலே போகிறதா கீழே வருகிறதா என்றே தெரியாது. அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து ஒரு காலையில் அசன்குல் வந்து சேர்ந்தார். என் கடை வாசலில் நின்று தொப்பியைத் தட்டிவிட்டு எதிரே போனார். சாலையோரப் புகையில் தேனீக்கள் சாகின்றன, வேறு இடம் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

அங்கே நடந்ததை அலுவலக ஓட்டுநர் எனக்கு அப்படியே சொன்னான்.

"ஏழு கடிதம் எழுதத் தெரிஞ்சுதுல்ல? இப்ப எட்டாவது எழுதிக் குடுங்க" என்றார் தோலோன்.

"நான் எழுதினது ஒண்ணுதானே."

தோலோன் கோப்பை வரவழைத்தார். கொண்டுவந்து வைத்தது உல்கான் அக்காதான். ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார்கள். ஒரே கையெழுத்து, ஒரே அடித்தல், ஒரே இடத்தில் ஒரே மைப்பொட்டு.

"உங்க கையெழுத்துதானே, பெரியவரே?"

"என்னோடதுதான். ஆனா நான் எழுதல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊரை வீட்டைவிட்டு இறக்கியவன் இப்போது இல்லை என்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அசன்குல் ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் வெளியே போனார். அவர் தெருவைக் கடக்கும்போது நான் பார்த்தேன். பஞ்சு அவரைச் சீக்கிரமே மூடிவிட்டது.

உல்கான் அக்கா வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை.

6

அடுத்த நாள் நடந்ததை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"மதியம் தோலோன் கடைக்கு வந்து, உல்கான் இங்கே நகல் எடுத்தாரா என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். அவர் என் கண்ணையே —"

பொய். நடந்தது இது.

தோலோன் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழை நகல் எடுக்க வந்தார். அவர் வந்தாலே எனக்குப் பெருமை, தலைவர் ஆயிற்றே. பேச்சுவாக்கில் கேட்டார்:

"டாக்டர், எங்க ஆளுங்க யாராச்சும் இங்க நகல் எடுக்க வர்றாங்களா?"

"உல்கான் அக்கா வருவாங்க. குளிர்காலம் பூரா, திங்கக்கிழமை தவறாம. ஒரே ஒரு தாள்."

சொல்லி முடித்தபோதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குக் கேட்டது. யாரும் மிரட்டவில்லை. என் ஞாபகசக்தியைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். தோலோன் சான்றிதழை மடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம், டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்டால், இதுதான்.

7

அன்று மாலை தோலோன் கதவைச் சாத்திக்கொண்டு உல்கான் அக்காவோடு பேசியிருக்கிறார்.

"மலை விழுந்திருந்தா உங்களுக்குப் பட்டு அங்கி போர்த்தியிருப்பேன், அக்கா. விழலையே. இருபத்துமூணு குடும்பம் வெளியில கிடக்கு. பதிவேட்டுல பொய் இருக்குன்னு மேல தெரிஞ்சா எனக்கும் வேலை போகும்."

"தெரியுது."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஏழு தடவை சொன்னேன், தோலோன்."

சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தருவது என்று முடிவானது. எழுதினார். வேறு ஆள் இல்லாததால் அவரே அதை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தோல் அட்டைக்குள் வைத்தார். குறிப்போடு திரும்பி வரும் வரை காத்திருந்தார். வந்ததும் பதிவறைக்குப் போய்ச் சேர்க்க வேண்டிய கட்டில் சேர்த்து, முடிச்சுப் போட்டுவிட்டு, சாவியை மேசையில் வைத்தார்.

மறுநாள் மினிபஸ் பிடித்து, சாலையோரத் தகர வண்டிகளுக்குப் போனார். அசன்குலைத் தேடி, ஊர்க்காரர்கள் முன்னால் சொன்னார்: இவர் எழுதியது ஒன்று, மற்ற ஆறும் நான் வைத்தது. திட்டினார்களாம். ஒருவர் வண்டிக்கதவைச் சாத்திக்கொண்டாராம். அசன்குல் ஒரு ஜாடி தேனைக் கொடுத்தாராம். அது மன்னிப்பா, வந்தவருக்குக் கொடுக்கும் வழக்கமா என்று உல்கான் அக்காவுக்கே இன்னும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் என் கடைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வரவில்லை.

"நீ சொல்லாம இருந்திருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்" என்றார். "சொல்லியிருப்பேனா? இனிமே அதைத் தெரிஞ்சுக்கவே முடியாது. நீ எடுத்துக்கிட்டது அதைத்தான், தம்பி. வேலையை இல்ல."

8

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இந்த ஏப்ரலில் உல்கான் அக்கா என்னிடம், "அந்த மலையை நான் இன்னும் பார்த்ததே இல்ல" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் பதிந்த எந்த ஊருக்கும் போனதில்லை. இருவரும் கிளம்பினோம்.

மேலே அமைதியாக இருந்தது. அக்ரூட் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. வெற்று வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு புகைபோக்கியில் மட்டும் புகை. கெரெஸ் என்ற பெண், நாற்பது வயது இருக்கும். மேலே குடியிருக்கக் கூடாது என்ற தடையை மீறி ஒரு பசுவோடு தனியாகத் திரும்பி வந்திருந்தாள். புருஷன் கீழே வண்டியிலேயே இருக்கிறான், அவனுக்குப் பயம். எங்களைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள்.

"எங்களைக் கீழ இறக்கினது உன் முத்திரைதான?"

"ஆமா."

"உக்காரு. டீ குடிச்சிட்டுத் திட்டு வாங்கு."

திட்டினாள். உல்கான் அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒருவர் ஒரு மனுவை வாய்மொழியாகச் சொல்ல, அதைக் குறித்துக்கொள்கிறவரைப் போல இருந்தது. கடைசியில் கெரெஸ் கிண்ணத்தில் விளிம்பு வரை டீ ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

கிளம்பும்போது அவளே விரிசலைக் காட்டக் கூட்டிப் போனாள். சரிவில் புல்லுக்குள் ஒரு கறுப்புக் கோடு, வளைந்து வளைந்து போயிற்று. ஓரத்தில் பச்சையாக வரிசை வரிசையாக ஏதோ முளைத்திருந்தது.

"பூண்டு" என்றாள் கெரெஸ். "மண்ணு பொலபொலன்னு இருக்கு, நல்லா வருது."

உல்கான் அக்கா முழந்தாளிட்டுக் கையை உள்ளே விட்டார். தோள் வரை போனது. கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே குளிர்ந்த காற்று மேலே வருகிறது என்றார். யாரோ தூங்கும்போது விடும் மூச்சு மாதிரி இருக்கிறது என்றார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். மேகத்தின் நிழல் எங்களைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போனது. ஒரு கணம் சரிவே நகர்வதுபோல் இருக்க, நான் கெரெஸின் கையைப் பிடித்துவிட்டேன். அவள் சிரித்தாள்.

"எழுத்துல இதைவிடப் பெருசா இருந்துச்சு" என்றார் உல்கான் அக்கா, எழுந்து கையைத் துடைத்தபடி.

9

திரும்பும் மினிபஸ்ஸில் கேட்டார்:

"உன் கதை எப்படி முடியுது?"

என்னிடம் இரண்டு முடிவு இருந்தது. ஒன்றைச் சொன்னேன். ஏப்ரலில் ஒரு நண்பகல், மலை இறங்கி வருகிறது. இருபத்துமூன்று வீடும் மண்ணுக்குள். ஆள் சேதம் இல்லை, எல்லோரும் கீழே சாலையோரம். தோலோன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அசன்குலும் வருகிறார். நீங்கள் செய்தது சரி என்று ஊருக்கே தெரிகிறது.

ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றோரம் முழுக்கப் பாதாமி மரங்கள் பூத்திருந்தன.

"கெரெஸ் எங்க இருக்கா, அதுல?"

"கீழதான்."

"இப்பத்தான் மேல பார்த்துட்டு வர்றோம்."

"கதைல கீழ வச்சுக்கலாம், அக்கா."

"நீ வச்சா அவ இருப்பாளா? பூண்டு முளைச்சிருக்கு." ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தார். "மலை விழுந்தாத்தான் நான் செஞ்சது சரின்னா, நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். அந்த வரியை எழுதாத."

இன்னொரு முடிவு, மலை என்றைக்கும் விழாமலே இருப்பது. அதையும் சொன்னேன். இருபத்துமூன்று குடும்பமும் ஒரு கடிதத்தின் நகல்களால் வீடிழந்து, தகர வண்டிகளில் கிழவர்களாகிறார்கள். அதையும் எழுதாதே என்றார். ஆனால் அந்தமுறை கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

10

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. தொடங்கி நிறுத்திய வாக்கியம் ஒன்று மட்டும் இருக்கிறது. தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்:

"ஏப்ரலில் ஒரு நண்பகல், அந்த மலை —"

இதை முடிப்பது எளிது. எந்தப் பக்கம் முடித்தாலும் கதை நிற்கும், நான் முயன்று பார்த்துவிட்டேன். உங்களுக்கு அவசரம் இருக்கலாம். அந்தப் பெண் சரியா தப்பா என்று தெரியாமல் புத்தகத்தை மூட மனம் வராமல் போகலாம். முடிக்க நினைத்தால் ஒன்றே ஒன்று, எழுதுவதற்கு முன் சரிவில் நின்று, மேலே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.

இன்று காலை கெரெஸின் புருஷன் அடையாள அட்டையை நகல் எடுக்கக் கடைக்கு வந்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறா" என்றான். "நானும் நாளைக்கு மேல போறேன். ஏணி பிடிக்க ஆள் இல்லையாம்."